கஞ்சிக் கொட்டகைக்கு ரிக்‌ஷாவில்

1932ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஏழாம் தேதி, திங்கட்கிழமை, காலை ஒன்பது மணி இருபது நிமிடம். விடியற்காலையில் பெய்த மழை நின்றிருந்தது. வெயில் இன்னும் வரவில்லை. புழுக்கம் மட்டும் வந்துவிட்டது. பிரிக்பீல்ட்ஸில் ஆற்றுப் பக்கமாக, பழைய செங்கல் சூளைக்குப் பின்னால் போட்டிருந்த ஒரு தகரக் கொட்டகையின் வாசலில், செய்தித்தாளில் சுற்றிய மூன்றடுக்குத் தூக்குச்சட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். செருப்பில் செம்மண் அரை அங்குலத்துக்கு அப்பியிருந்தது.

உள்ளே பதினான்கு பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் மடியிலும் கைக்குழந்தை. ஒருத்திக்கு மட்டும் இரட்டை. முன்னால் மங்குத் தட்டுகள். புழுங்கலரிசிக் கஞ்சி, மசித்த பச்சைப்பயறு, ஏதோ ஒரு கீரை. வாசனை வாசல்வரை வந்தது. நான் அன்று காலை ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

கரண்டியோடு நின்ற அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஆம்பளைங்களுக்கு இங்க கெடையாதுங்க ஐயா."

"எனக்கு இல்லம்மா. வீட்ல இருக்கிறவங்களுக்கு. சுகாதார ஆபீஸ் மிஸ்ஸி குடுத்த சீட்டு இருக்கு."

"சீட்டு சரிங்க. சீட்டு வந்து சாப்புடுமா? அந்த அம்மா வந்து இங்க குந்திச் சாப்புடணும். வெளிய குடுக்கிறதில்ல."

"அவங்களுக்கு உடம்பு சரியில்ல. நான் கொண்டுபோய்க் குடுத்துடறேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. வீட்டுக்குப் போனா மொதல்ல புருசன் தட்டுக்குப் போயிரும். அப்புறம் மாமியா தட்டுக்கு. பெத்தவளுக்குச் சட்டியக் கழுவுன தண்ணிதான்."

அப்போது வரிசையின் நடுவிலிருந்து ஒருத்தி எட்டிப் பார்த்தாள். "யக்கா, இவரு யாருன்னு தெரியலையா? செக்ரோல் கிராணி. நம்ம அரைநாளு!"

"அட, ஆமா! அரைநாளேதான்!"

"அப்படீன்னா அரைக் கரண்டி ஊத்தி அனுப்புக்கா!"

பதினான்கு பேரில் பதின்மூன்று பேர் சிரித்தார்கள். சிரிக்காதவள் இரட்டையை வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தவள், அவளுக்கு நேரமில்லை. நான் காலித் தூக்குச்சட்டியோடு திரும்பினேன்.

அந்தப் பெயரைச் சொல்லவேண்டும். தண்டவாள வேலைக்காரர்களின் ஆஜர்ப் பட்டியலை எழுதும் கிராணியாக எட்டு வருடம் இருந்தேன். செக்ரோல் என்பது அந்தப் பட்டியல்தான். காலையில் பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் அரை நாள் சம்பளம் போய்விடும். கூப்பிட்டு முடித்து நான் புத்தகத்தை மூடிய பிறகு ஓடிவந்து நிற்பவனுக்கும் அரை நாள்தான். அது என் சட்டம் அல்ல, மேலிடத்துச் சட்டம். ஆனால் மற்றக் கிராணிகள் பெயரைக் கொஞ்சம் மெதுவாகக் கூப்பிடுவார்கள். நான் மெதுவாகக் கூப்பிட்டதில்லை.

ரப்பர் விலை விழுந்து, சரக்கு வண்டிகள் குறைந்து, ஆட்குறைப்பு வந்தது. முதலில் அந்தக் கூலிகள் போனார்கள். அவர்கள் போனபின் பெயர் கூப்பிட ஆள் இல்லை என்று என்னையும் அனுப்பினார்கள். 1931 செப்டம்பரில் குவார்ட்டர்ஸைக் காலி செய்து, பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையின் பின்புறத்தில் அறை எடுத்துக்கொண்டோம். ஒன்பது குடும்பங்களுக்கு ஒரே பின் சந்து, ஒரே தண்ணீர்க் குழாய், ஒரே சாக்கடை. என் மனைவி அப்போது ஆறு மாதம்.

செலவைக் குறைத்தேன். மீன் நின்றது. பருப்பு வாரத்துக்கு ஒரு நாள் என்றானது. முட்டை, கீரை, தேங்காய் எல்லாம் போயின. குறையாதது அரிசி ஒன்றுதான். சியாம் வெள்ளை அரிசி, முதல் தரம். புழுங்கல் சாப்பிடுவது தோட்டத்தில் கூலிகளின் லயத்து வீடுகளில் இருப்பவர்கள் என்பது எங்களைப் போன்ற கிராணி வீடுகளில் பேசப்படாத ஒரு ஒழுங்கு. அதன் வாடை வீட்டில் வரக்கூடாது. அந்தச் சந்தில் யார் என்ன அரிசி சமைக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். சாக்கடையில் ஊற்றும் வடிகஞ்சியே சொல்லிவிடும். புழுங்கல் கஞ்சி பழுப்பாக ஓடும். எங்களுடையது பால் வெள்ளை. என் மனைவி அரிசியை மூன்று தண்ணீர் களைந்து, வடித்து, கஞ்சியைத் தினமும் பதினொன்றரை மணிக்கு எல்லோர் கண்ணெதிரிலும் கொட்டுவாள். நான்தான் அப்படிக் கொட்டச் சொல்லியிருந்தேன். வேலை போனது தெரிந்துவிட்டது. அரிசியாவது அப்படியே இருக்கிறது என்று தெரியட்டுமே என்று நினைத்தேன்.

டிசம்பரில் பெண் குழந்தை பிறந்தது. பிரசவமானவளுக்குப் பத்தியம் என்பது நம் வழக்கம். கீரை குளிர்ச்சி, பயறு வாயு, பழம் சளி என்று அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். நான் எதையும் மறுக்கவில்லை. பத்தியச் சாப்பாட்டுக்குச் செலவு குறைவு. வெள்ளைச் சோறு, மிளகு ரசம், சுட்ட கருவாட்டில் ஒரு துண்டு. நாற்பது நாளில் முடியவேண்டிய பத்தியத்தை எண்பது நாளுக்கு மேல் ஓட விட்டேன். ஏன் இன்னும் முடியவில்லை என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நான் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவள் உட்காருவாள். சட்டியில் என்ன மிச்சம் இருந்தது என்று ஒரு நாளும் நான் எட்டிப் பார்த்ததில்லை.

பிப்ரவரி கடைசியில் குழந்தை பாலைக் கக்கத் தொடங்கியது. முகம் லேசாக ஊதியது. மூச்சு வேகமாக ஓடியது. சந்தில் மாந்தம் என்றார்கள். ஒருத்தி கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போட்டாள். மார்ச் மூன்றாம் தேதி, வியாழக்கிழமை, சுகாதார ஆபீஸிலிருந்து வீடு வீடாகக் குழந்தைகளைப் பார்க்க வரும் மிஸ்ஸி எங்கள் அறைக்கும் வந்தார். தமிழ்க் கிறிஸ்தவப் பெண். முப்பது வயது இருக்கலாம். கறுப்புக் குடை, தோல் பை. நர்ஸ் என்று நாங்கள் யாரும் சொல்வதில்லை, மிஸ்ஸி என்றால்தான் தெரியும்.

குழந்தையின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார். பிறகு குழந்தையை விட்டுவிட்டு என் மனைவியின் பக்கம் திரும்பி, சேலையைக் கணுக்கால்வரை தூக்கச் சொன்னார். கட்டை விரலால் முன்னங்காலில் அழுத்தி எடுத்தார். விரல் பட்ட இடம் குழியாகவே நின்றது. அது மறைய நான் இருபத்து மூன்று எண்ணினேன்.

"எத்தனை நாளா கால் மரத்துப் போகுது?"

"தைப்பூசத்துக்கு முன்னாடியிருந்து," என்றாள் என் மனைவி. எனக்கு அது அன்றுதான் தெரியும்.

"என்ன அரிசி சாப்பிடறீங்க?"

அதற்கு நான் பதில் சொன்னேன். "சியாம் பச்சரிசி. முதல் தரம்." நல்ல மார்க் வாங்கிய பிள்ளை சொல்வதுபோலச் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

"கஞ்சிய என்ன செய்யறீங்க?"

"கொட்டிடுவோம்."

அவர் சேலையை இறக்கிவிட்டு நிமிர்ந்தார். பிறகு சொன்னார்: "ஐயா, நெல்லைத் தீட்டித் தீட்டி வெள்ளையாக்கும்போது சத்து தவிட்டோட போயிருது. மிச்சம் மீதி களையிற தண்ணியிலயும் கஞ்சியிலயும் போயிருது. வேற காய்கறி இருந்தா உடம்பு தாங்கும். இவங்க வெறும் சோறுதான் சாப்பிட்டிருக்காங்க. இவங்க உடம்புல இல்லாதது பால்ல எங்கேருந்து வரும்? பிள்ளைக்கும் அதே நோய்தான். பெரிபெரி."

"அது சீனக் கூலிங்களுக்கு வர்ற நோயில்லையா?"

"சீனரும் நீங்களும் ஒரே கடையில, ஒரே மூட்டையிலேருந்துதானே அரிசி வாங்கறீங்க. பக்கத்து அறைக்காரங்க புழுங்கல் சாப்பிடறாங்க, அவங்க பிள்ளை நல்லாத்தான் இருக்கு. போய்ப் பாருங்க."

பழுப்பு நிறத்தில் தவிட்டுச் சாறு ஒரு சிறு புட்டியில் கொடுத்தார். குழந்தைக்கு ஒரு தேக்கரண்டி, ஒரு நாளைக்கு மூன்று வேளை. ஒரு சீட்டும் எழுதித் தந்தார். ஊர்க் கடைக்காரர்கள் சிலர் பணம் போட்டு, மிஸ்ஸியின் யோசனைப்படி பால் கொடுக்கும் தாய்மாருக்கு ஒரு வேளைச் சாப்பாடு போடுகிறார்கள் என்றார். ஞாயிறு தவிரத் தினமும் காலை ஒன்பது மணிக்கு. புட்டி தீர்ந்தால் அங்கேயே நிரப்பிக்கொள்ளலாம்.

"இந்த மாதிரிப் பிள்ளைங்க போறதுன்னா ஒரே நாள்ல போயிரும்," என்றார் வாசலில். என் மனைவிக்குக் கேட்காதபடி என்னிடம் மட்டும் சொன்னார். "நாளைக்கே அனுப்புங்க."

நாளைக்கே அனுப்பவில்லை. வெள்ளி போயிற்று, சனி போயிற்று, ஞாயிறு கொட்டகை இல்லை. அந்தக் கொட்டகைக்கு யார் யார் போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். நான் பெயர் கூப்பிட்ட ஆட்களின் வீட்டுப் பெண்கள். அவர்களுக்கு நடுவில் என் மனைவி தட்டு ஏந்தி உட்காருவதை என்னால் நினைக்க முடியவில்லை. அந்த மூன்று நாளும் தவிட்டுச் சாற்றை மட்டும் வேளை தவறாமல் கொடுத்தேன். கரண்டியை நானே அளந்து ஊற்றினேன். பக்கத்து அறைக் குழந்தையைப் போய்ப் பார்க்கவில்லை. அதன் அழுகை எங்கள் பலகைச் சுவர் வழியாக நன்றாகவே கேட்டது.

திங்கட்கிழமை நான் போய் நின்ற கதையைத்தான் மேலே எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை காலை குழந்தைக்குக் குரல் போய்விட்டது. வாயைத் திறக்கிறது, முகம் சிவக்கிறது, கண்ணீர் வழிகிறது, சத்தம் இல்லை. மூச்சுக்காற்றின் சீற்றம் மட்டும் வருகிறது. என் மனைவி அதை மடியில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"நேத்து எங்க போனீங்க?"

சொன்னேன். அரைக் கரண்டி விஷயத்தை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னேன்.

"சாப்பிட நாந்தான் போகணும்னு சொன்னாங்களா?"

"ஆமா."

"அப்ப என்னைய ஏன் கூட்டிட்டுப் போகல?"

"அங்க எல்லாம் கூலிக்காரங்க இருக்காங்க."

"எனக்குப் பசிக்குதுங்க," என்றாள். கல்யாணமான ஐந்து வருடத்தில் அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து அன்றுதான் கேட்டேன். "ஆறு மாசமா பசிக்குது. பசிக்குதுன்னு சொல்றதுக்கு எனக்கு வெக்கமில்ல. உங்களுக்குத்தான்."

கூட்டிப்போவதென்று முடிவு செய்தேன். ஆனால் எப்படிக் கூட்டிப்போனேன் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றினேன். எங்கள் சந்திலிருந்து கொட்டகை முக்கால் மைல். மற்றப் பெண்கள் நடந்து போனார்கள். நான் புதன்கிழமை காலை ஒரு ரிக்‌ஷாவைச் சந்து முனைக்கு வரச்சொன்னேன். கூரையை இறக்கி, முன்பக்கம் மழைக்குப் போடும் படுதாவையும் இழுத்துக் கட்டச்சொன்னேன். மழை இல்லை, அன்று நல்ல வெயில். போகப் பத்துக் காசு, வரப் பத்துக் காசு. இலவசச் சாப்பாட்டுக்குக் கூலி கொடுத்து வண்டியில் போனவர்கள் அந்த ஊரில் நாங்கள் மட்டும்தான்.

ரிக்‌ஷாக்காரர் நாற்பது வயதுச் சீனர். பிரிக்பீல்ட்ஸிலேயே பல வருடம் வண்டி இழுத்ததால் தமிழ் பேசுவார். "உள்ள ஆள் செத்துப் போகும் தம்பி, ரொம்ப சூடு," என்றார். "மூடுங்க," என்றேன்.

நான் பின்னால் இருபது கெஜம் தள்ளி, வேறு வேலையாகப் போகிறவனைப்போல நடந்தேன். கொட்டகை வாசலில் வண்டி நின்றதும் உள்ளே பேச்சு அடங்கியது. யாரோ டாக்டர் துரையின் வீட்டம்மா வருகிறார் என்று நினைத்து இரண்டு பேர் எழுந்தே நின்றுவிட்டார்களாம். படுதாவை விலக்கிக்கொண்டு வேர்த்து நனைந்து என் மனைவி இறங்கினாள்.

"கிராணி அம்மா! ரிச்சால வந்து கஞ்சி குடிக்கிற மொத ஆளு நீங்கதாம்மா!"

"நவுருங்கடி, மகாராணிக்கு எடம் விடுங்க."

"ரொம்ப நவுராதீங்க," என்றாள் என் மனைவி. "அரை எடம் போதும்."

இதை நான் ஆற்றோரத்து மரத்தடியிலிருந்து கேட்டேன். கொட்டகை இடிந்துவிடும்போல ஒரு சிரிப்பு வந்தது. என்னை அரைநாள் என்று கூப்பிடுவது அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அவள் மூன்று கரண்டி கஞ்சி வாங்கிக் குடித்தாள் என்று பிறகு சொன்னாள். குழந்தைக்குத் தவிட்டுச் சாற்றை மிஸ்ஸியே ஊட்டினார்.

புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் அப்படியே போனோம். வெள்ளிக்கிழமை இரவு குழந்தை பாலைக் கக்கவில்லை. மூச்சு கொஞ்சம் நிதானப்பட்டது. குரல் மட்டும் இல்லை. குரல் திரும்பினால்தான் நம்பலாம் என்று மிஸ்ஸி சொல்லியிருந்தார்.

சனிக்கிழமை ரிக்‌ஷாக்காரர் ஒரு யோசனை சொன்னார். மாதப் பணத்தை முன்னாடியே கொடுத்தால் நாலரை வெள்ளிக்கு ஓட்டுகிறேன் என்றார். அவருக்கும் சவாரி குறைந்திருந்த காலம். நான் கணக்குப் போட்டேன்: ஒரு வெள்ளிக்கு நூறு காசு, இருபத்தாறு நாளுக்கு ஐந்து வெள்ளி இருபது காசு ஆகும், எழுபது காசு மிச்சம். ஊருக்குக் கப்பல் ஏறுவதற்கென்று தபாலாபீஸில் அறுபத்திரண்டு வெள்ளி போட்டு வைத்திருந்தேன். மீனுக்கும் முட்டைக்கும் அதைத் தொடவில்லை. ஆறு மாதமாகத் தொடாத அந்தப் பணத்தில் படுதா போட்ட ரிக்‌ஷாவுக்காகப் போய்க் கையெழுத்துப் போட்டு எடுத்தேன்.

பதினேழாம் தேதி, வியாழக்கிழமை, திரும்பி வரும் வழியில், பிரதான சாலையில் கடைகள் நிறைந்த இடத்தில், மூடிய வண்டிக்குள்ளிருந்து குழந்தை கத்தியது. முதலில் கரகரவென்று ஒரு சத்தம். பிறகு முழுத்தொண்டையில். கடைகளின் முன்னால் அஞ்சடி நடைபாதையில் நின்ற ஆட்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ரிக்‌ஷாக்காரர் பயந்து வண்டியை நிறுத்தினார். உள்ளேயிருந்து என் மனைவி படுதாவைப் பிய்த்துக்கொண்டு தலையை நீட்டி, "ஏங்க! கேட்டுச்சா? கேட்டுச்சாங்க?" என்று சாலைக்கு இந்தப் பக்கம் நின்ற என்னைப் பார்த்துக் கத்தினாள். அத்தனை பேரும் இப்போது என்னைப் பார்த்தார்கள். என் கண் நிறைந்துவிட்டது. அந்த நிமிடத்திலும், மகள் பிழைத்தாள் என்ற நிமிடத்திலும், மளிகைக் கடைக்காரர் பார்க்கிறாரா என்றுதான் முதலில் திரும்பிப் பார்த்தேன். பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

மறுநாள் அவள் வண்டியில் ஏற மாட்டேன் என்றாள். பக்கத்து அறைக்காரியும் இன்னும் இரண்டு பேரும் அவளைக் கூப்பிட வந்திருந்தார்கள். நான்கு பேரும் பேசிக்கொண்டே நடந்து போய்விட்டார்கள். நான் சந்து முனைக்குப் போய் ரிக்‌ஷாக்காரரிடம் இனிமேல் வரவேண்டாம் என்றேன்.

"காசு வாங்கியாச்சு லா தம்பி."

"இருக்கட்டும். மிச்சத்த வச்சுக்குங்க."

"ஓடாம எப்படிக் காசு வச்சுக்கறது? நான் பிச்சைக்காரன் இல்ல."

அவர் வண்டியைத் திருப்பி, நடந்துபோகும் பெண்களுக்குப் பின்னால் காலியாக இழுத்துக்கொண்டு போனார். சனிக்கிழமையும் போனார். திங்கட்கிழமை இரட்டைக் குழந்தைக்காரி, இரண்டு இடுப்பிலும் இரண்டைச் சுமந்து வந்தவள், சும்மா போகிற வண்டியைப் பார்த்துவிட்டு இரண்டையும் உள்ளே கிடத்தினாள். அதன் பிறகு கேட்கவேண்டுமா? கூரையைப் பின்னால் தள்ளிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை நான் பார்த்தபோது வண்டியில் ஆறு குழந்தைகள். ஓரத்தில் ஒருத்தி அவை விழாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மற்றப் பெண்கள் கையை வீசிக்கொண்டு நடந்தார்கள். ரிக்‌ஷாக்காரர் மணியடித்துக்கொண்டு, ஓடாமல், மெல்ல நடந்தார்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் முக்கால் மைல் வர முடியாமல் நின்றுபோனவர்கள் சிலர் இருந்தார்களாம். அவர்களும் வரத் தொடங்கினார்கள். மார்ச் கடைசியில் வரிசை பதினான்கிலிருந்து இருபத்தொன்று ஆனது. நான் மரத்தடியிலிருந்து எண்ணினேன்.

ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரு காலை மிஸ்ஸி என்னை மரத்தடியிலிருந்து கூப்பிட்டார். பணம் போட்டு நடத்தும் கடைக்காரர்களில் மூன்று பேர் அன்று வந்திருந்தார்கள். தப்பிக்க வழியில்லை. உள்ளே போனேன்.

"தாய்மாருக்கு ஒரு வண்டி வேணும்னு நான் இவங்ககிட்ட ஆறு மாசமாக் கேட்டுட்டிருந்தேன்," என்றார் மிஸ்ஸி எல்லோருக்கும் கேட்கும்படி. "பணம் இல்லன்னாங்க. இந்த ஐயா வேலையில்லாம இருக்கார். தானே சொந்தக் காசைப் போட்டு, யார்கிட்டயும் சொல்லாம, மாச வண்டி ஏற்பாடு பண்ணியிருக்கார். முதல்ல தன் வீட்டம்மாவ ஏத்தி ஓட்டம் பார்த்திருக்கார். பிறகு அவங்கள நடக்க வச்சிட்டு மத்தவங்க பிள்ளைங்களுக்கு விட்டுக்கொடுத்திருக்கார்."

பெண்கள் கை தட்டினார்கள். என்னை அரைநாள் என்று முதலில் கண்டுபிடித்துச் சொன்ன பெண், "நாங்க ஒங்கள என்னமோன்னு நெனச்சிட்டோங்க கிராணி ஐயா," என்றாள். அவளுடைய புருஷன் யாரென்று எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. அவனுக்கு ஒரே மாதத்தில் நான்கு முறை அரை நாள் போட்டிருக்கிறேன்.

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். இது என் வீட்டுக்காரி கூலிகளோடு நடந்து வருவதை யாரும் பார்த்துவிடக்கூடாது என்று மறைத்துக்கட்டிய வண்டி என்று சொல்லியிருக்கவேண்டும். வரிசையில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை பால் வடியும் வாயோடு சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அவள் என்னைப் பார்த்துத் தலையை மிக லேசாக, இல்லை என்பதுபோல, ஆட்டினாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஒரு கடைக்காரர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "ஏன் வேணாம்னே?"

"சொன்னா என்ன ஆகும்? உங்க மனசு லேசாகும். வண்டி நின்னு போகும்," என்றாள். "அந்த ரெட்டைக்காரி எப்படி வருவா?"

"நாலரை வெள்ளிக்கு இன்னும் ஒரு வாரந்தான் ஓடும்."

"தபாலாபீஸ்ல காசு இருக்குல்ல?" என்றாள். அந்தப் பணத்தைப் பற்றி அவளிடம் நான் ஒருபோதும் பேசியதில்லை.

அடுத்த மாதத்துக்கும் கொடுத்தேன். அதற்கடுத்த மாதத்துக்கும் கொடுத்தேன். மே மாத மழையில் குழந்தைகள் நனைகின்றன என்று மிஸ்ஸி என்னிடம் வந்து, "நீங்க ஏற்கெனவே ரொம்பச் செய்யறீங்க, கேக்கவே கூச்சமா இருக்கு," என்றார். பழைய படுதா கிழிந்திருந்தது. அதைக் கிழித்தவள் யார் என்று எனக்குத்தானே தெரியும். மெழுகுத் துணி வாங்கினேன். கீழே விரிக்க ஒரு பாயும் வாங்கினேன். ஒவ்வொரு தடவையும் கை தட்டினார்கள். சந்தில் யாரும் என்னை அரைநாள் என்று கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தப் பெயருக்காவது நான் வேலை செய்திருந்தேன்.

எங்கள் வீட்டிலும் புழுங்கல் வந்துவிட்டது. வடிகஞ்சியை யாரும் கொட்டுவதில்லை. உப்புப் போட்டு நானும் குடித்தேன். முதல் இரண்டு நாள் வாடை தெரிந்தது, பிறகு தெரியவில்லை. பத்தியம் என்று சொல்லி நான் மிச்சம்பிடித்த எண்பது சொச்சம் நாளுக்கு எவ்வளவு மிஞ்சியது என்று ஒரு நாள் கணக்குப் போட உட்கார்ந்தேன். பாதியில் எழுந்துவிட்டேன். இன்றுவரை அந்தக் கணக்கை முடிக்கவில்லை.

ஜூன் மாதம் கிள்ளானில் ஒரு அரிசிக் கடையில் கணக்கு எழுத வேலை கிடைத்தது. புறப்படுகிற அன்று பெண்கள் ரயிலடிவரை வந்தார்கள், வண்டியில் பிள்ளைகளையும் போட்டுக்கொண்டு. கடைக்காரர்கள் இனி வண்டிச் செலவைத் தாங்களே ஏற்பதாகச் சொல்லியிருந்தார்கள். ரிக்‌ஷாக்காரர் என் பெட்டியை ஏற்றி வைத்துவிட்டு, அதற்குக் காசு வேண்டாம் என்றார். மகளை வாங்கி ஒரு தடவை தூக்கிப் பார்த்து, "கனம் வந்துட்டுது," என்றார். என் மனைவி ஒவ்வொருத்தியாகக் கட்டிப் பிடித்து அழுதாள். நான் ஏறி உட்கார்ந்து, மறுபக்கத்து ஜன்னல் வழியாகத் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது எனக்கு வயது எழுபத்தாறு. மகளுக்குப் பேரன் பேத்தி எடுக்கும் வயது. கிராணி தாத்தா அந்தக் காலத்தில் கஞ்சிக் கொட்டகைக்கு வண்டி விட்டார் என்று அவள் பிள்ளைகளுக்குச் சொல்கிறாள். அவளுக்கு அவள் அம்மா சொன்னது. நான் பக்கத்து அறையில் இருமிக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

முதல் மூன்று நாள் அறுபது காசு. மாத வண்டி மூன்று மாதத்துக்குப் பதின்மூன்றரை வெள்ளி. மெழுகுத் துணி எண்பது காசு. பாய் முப்பத்தைந்து காசு. எல்லாம் சேர்த்துப் பதினைந்து வெள்ளி இருபத்தைந்து காசு.